தகரப் படகு மறுபடி ஓடுமா?

கேள்வி: ராயபுரத்தில் வீட்டைக் காலி செய்யும் ஒரு குடும்பம் பழைய சாமான்களை வாசலிலேயே பரப்பி விற்றது. பித்தளை அண்டாவுக்குப் பின்னால், விளக்கேற்றினால் டபடபவென்று தண்ணீரில் ஓடுமே, அந்தத் தகரப் படகு! சின்ன வயதில் திருவொற்றியூர் மாசித் திருவிழாவில் அப்பா வாங்கித் தந்ததே திரும்பி வந்த மாதிரி இருந்தது. 150 ரூபாய்க்கு வாங்கிவிட்டேன். அங்கங்கே துரு, பெயின்ட் உரிந்திருக்கிறது. புது பெயின்ட் அடிக்கலாமா? ஓடுமா? 2 வயதுப் பேரனிடம் கொடுக்கலாமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: பெயின்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள், அம்மா. உங்கள் அப்பா காலத்து நிறம் அது. மேலே புதுப் பூச்சு ஏறினால் பழசு போனது போனதுதான். துணியில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டுத் துருவை மெதுவாகத் துடையுங்கள், போதும். உப்புத்தாள் வேண்டாம். பழைய பெயின்ட்டில் ஈயம் கலந்திருக்கலாம், தேய்த்தால் தூளாகப் பறக்கும்.

ஓடுமா என்பதை ஒரு இங்க் ஃபில்லர் சொல்லிவிடும். படகின் பின்பக்கம் இரண்டு மெல்லிய குழாய்கள் இருக்கும். ஒன்றில் தண்ணீர் விடுங்கள். இன்னொன்றில் வழிந்தால் அடைப்பு இல்லை. உள்ளே இருக்கும் சின்னக் கொதிகலனின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். ஈரம் தட்டினால் பற்று விட்டிருக்கிறது, சால்டரிங் தெரிந்த ரேடியோ மெக்கானிக்கிடம் கொடுங்கள். கசியவில்லையா, சரி, குழாய்கள் நிறையத் தண்ணீர் விட்டு, வாயை விரலால் மூடியபடியே அண்டாத் தண்ணீரில் இறக்கி, எண்ணெய்த் திரியை ஏற்றி உள்ளே வையுங்கள். தண்ணீர் இல்லாமல் திரி ஏற்றவே கூடாது. வழக்கமான ஈயப் பற்று 183 டிகிரி செல்சியஸிலேயே உருக ஆரம்பித்துவிடும்.

கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் வரும். எனக்கு இன்றும் அதைக் கேட்டால் கைவேலை ஓடாது! கொதிகலனின் மேல்தகடு உப்பி உப்பி அடங்கும் சத்தம்தான் அது. நீராவி தண்ணீரைக் குழாய் வழியே பின்னால் பீய்ச்சித் தள்ளும், படகு முன்னால் போகும். உடனே நீராவி குளிர்ந்து சுருங்க, தண்ணீர் திரும்ப உள்ளே ஏறும். பீய்ச்சும்போது ஒரே திசையில் போகிற தண்ணீர், ஏறும்போது சுற்றிலும் இருந்து வருகிறது. அதனால்தான் படகு பின்னுக்கு வருவதில்லை. இந்தச் சூட்சுமத்துக்கு 1891-லேயே இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள்.

பேரன் கையில் இப்போது வேண்டாம். 2 வயதில் எல்லாமே வாய்க்குத்தான் போகும், தகர விளிம்பும் கிழிக்கும். மடியில் உட்கார வைத்துக்கொண்டு நீங்கள் ஓட்டிக் காட்டுங்கள்.

இன்னும் பழைய பொம்மைகள் தேடுவதாக இருந்தால், வீடு காலி செய்கிற இடங்களை விடாதீர்கள். 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்ததோடு, பழசு தேடுகிறவர்களுக்கு இருந்த பெரிய இடம் போய்விட்டது. கடைக்காரர்கள் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறினார்கள். ஆனால் பரணில் இருந்து நேராக வாசலுக்கு வருகிற பொருளுக்கு ஈடு இல்லை என்பது என் எண்ணம்.

ஒன்று மறந்துவிடாதீர்கள். ஓட்டி முடித்ததும் படகு ஆறட்டும். அப்புறம் குழாய்களை ஊதித் தண்ணீரை வெளியேற்றி, நன்றாக உலர்ந்த பிறகு மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். நம் பக்கத்துக் கடற்காற்றுக்குத் தகரம் தாங்காது.