மலைத் தோட்டம்: தண்ணீர் ஊற்றியும் வாடுதே!

கேள்வி: அக்டோபர் கடைசியில் 40 பெட்டூனியா, சால்வியா நாற்று வாங்கி வாசல் பாத்தியில் நட்டேன். இரண்டு வாரம் நன்றாக இருந்தன. இப்போது துவண்டு தொங்குகின்றன. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியும் தெளியவில்லை. அடியிலை மஞ்சளாகிறது. – வாசகி, குன்னூர்

பதில்: முதலில் பூவாளியைக் கீழே வையுங்கள். குன்னூரில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் நாளில் இருவேளைத் தண்ணீர் எதற்கு? தாகத்தில் வாடும் செடியும் வேர் அழுகி வாடும் செடியும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டிலும் இலைக்குத் தண்ணீர் ஏறவில்லை, அவ்வளவுதான். வித்தியாசம் காலையில் தெரியும். வெயிலில் துவண்ட செடி பொழுது சாய்ந்ததும் நிமிர்ந்துவிடும். காலை 7 மணிக்கும் தலை தொங்கி, மண்ணும் ஈரமாக இருந்தால் கோளாறு வேரில்.

இருப்பதில் மோசமான செடி ஒன்றைக் கரண்டியால் நெம்பி எடுத்து, வேரை வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாக, ஒடித்தால் சட்டென ஒடியும். அழுகிய வேர் பழுப்பாக இருக்கும். இரண்டு விரலால் பிடித்து உருவினால் மேல்தோல் உறை கழல்வதுபோலக் கழன்று, உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் நிற்கும். இது பித்தியம் என்ற, பூஞ்சாணம் போன்ற கிருமியின் வேலை. காற்றுப் புகாத ஈரமண்ணில்தான் அது செழிக்கும். மலைச்சரிவை வெட்டிச் சமன்செய்த வாசல்களில் மேல்மண் போய், அடியில் இறுகிய செம்மண் மட்டுமே இருக்கும். அதில் பாத்தி போட்டால் அது பாத்தியல்ல, தொட்டி.

உடனே செய்யவேண்டியது: தண்ணீரை நிறுத்துங்கள். தண்டைச் சுற்றி மூடிக்கிடக்கும் சருகை ஒரு சாண் விலக்குங்கள். பாத்தியின் தாழ்ந்த பக்கம் 20 செ.மீ. ஆழத்துக்கு வடிகால் வெட்டுங்கள். பூவையும் மொட்டையும் கிள்ளி, கொடியை மூன்றில் ஒரு பங்கு கத்தரித்துவிட்டால், மிச்சமிருக்கும் வேருக்குச் சுமை குறையும். லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து, செடிக்கு அரை லிட்டர் வேரடியில் ஊற்றுங்கள். அதோடு டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சாணத்தையும் சேர்த்து ஊற்றிவிடாதீர்கள். தாமிரம் அதையும் கொன்றுவிடும். 15 நாள் கழித்து மட்கிய எருவில் கலந்து போடலாம். வேர் முழுக்கப் பழுப்பானவற்றைப் பிடுங்கி எறிவதே மேல்.

அடுத்த முறை பாத்தியைத் தரையிலிருந்து 15–20 செ.மீ. உயர்த்தி, மண்ணில் மூன்றில் ஒரு பங்கு மட்கிய உரம் கலந்து நடுங்கள். நாற்றின் கழுத்து, அதாவது தண்டும் வேரும் சேரும் இடம், மண்ணுக்குள் புதையக்கூடாது.

கேள்வி: குட்டை டேலியா ஒவ்வொன்றாக வாடுகிறது. இலை பச்சையாகவே இருக்கிறது, மூன்றே நாளில் செடி படுத்துவிடுகிறது. போன வருடம் அந்த இடத்தில் உருளைக்கிழங்கு போட்டிருந்தோம். – வாசகர், கேத்தி

பதில்: கடைசி வரியிலேயே விடை இருக்கலாம். வாடிய செடியின் தண்டை அடியில் ஐந்து செ.மீ. துண்டாக நறுக்கி, தெளிந்த தண்ணீருள்ள கண்ணாடித் தம்ளரில் வெட்டுமுனை நீரில் படும்படி தொங்கவிடுங்கள். ஆட்டாமல் ஐந்து நிமிடம் பாருங்கள். வெட்டுவாயிலிருந்து ஊதுபத்திப் புகைபோல வெள்ளை இழை கீழே இறங்கினால் அது பாக்டீரியா வாடல். உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரியைத் தாக்கும் அதே கிருமி.

இதற்கு மருந்து இல்லை. இருப்பதாகச் சொல்லி யார் விற்றாலும் வாங்காதீர்கள். செடியை வேர்மண்ணோடு பெயர்த்து எரித்துவிடுங்கள், எருக்குழிக்குப் போகக்கூடாது. மண்வெட்டி, கத்தரி, செருப்பு எல்லாவற்றையும் கழுவுங்கள். மூன்று வருடமாவது அங்கே டேலியா, ஜின்னியா, செண்டுப்பூ, உருளை, தக்காளி வேண்டாம். பூண்டோ வெங்காயமோ போடுங்கள். முக்கியமாக, அந்தப் பாத்தியின் வடிநீர் எங்கே போகிறது என்று பாருங்கள். சரிவில் கீழே இருப்பவர் தோட்டத்தில்தான் போய் நிற்கும்.

கேள்வி: பேன்சி நாற்றுகள் காலையில் தரையோடு வெட்டிக் கிடக்கின்றன. எலியா? – வாசகி, கோத்தகிரி

பதில்: எலியாக இருக்காது. வெட்டுப்புழு. விழுந்த நாற்றைச் சுற்றி ஒரு கையகலத்துக்கு மண்ணை இரண்டு, மூன்று செ.மீ. கிளறுங்கள், எண்ணெய் தடவியதுபோலக் கருத்த புழு வளையமாகச் சுருண்டு கிடக்கும். நசுக்கிவிடலாம். நாற்று ஒவ்வொன்றுக்கும் அடிப்பாகம் வெட்டிய காகித டம்ளரை மாட்டி, மூன்று செ.மீ. மண்ணுக்குள்ளும் ஐந்து செ.மீ. வெளியிலுமாக நிறுத்துங்கள். இலையில் ஓட்டையும் வெள்ளிக்கோடும் தெரிந்தால் அது நத்தை. இரவு எட்டு மணிக்கு டார்ச் எடுத்துப் போய்ப் பொறுக்குங்கள். பாத்தியில் உப்புத் தூவாதீர்கள், செடியும் சேர்ந்து போகும். பிடித்து இழுத்தால் வேரே இல்லாமல் கையோடு வந்தால், அடியில் வெள்ளைப்புழு இருக்கிறது.

கேள்வி: உறைபனியில் சால்வியாவும் இம்பேஷன்ஸும் வேகவைத்த கீரைபோல ஆகிவிட்டன. பிளாஸ்டிக் ஷீட் போர்த்தித்தான் இருந்தேன். – வாசகர், ஊட்டி

பதில்: ஷீட் இலைமேல் படிந்திருக்கும். பட்ட இடமெல்லாம் கருகும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தில் தேங்குகிறது. அதனால்தான் தலைக்குந்தா போன்ற தாழ்வுகளில் பனி வெள்ளையாகக் கிடக்கிறது. உங்கள் தோட்டத்திலும் தாழ்ந்த பாத்திதான் முதலில் போயிருக்கும்.

தாவரவியல் பூங்காவில் கோத்தகிரி மிலார், தாகை என்ற செடிகளை வைத்துப் பூச்செடிகளை மூடுவார்களே, அதுதான் நல்ல வழி. கிடைக்காவிட்டால் நான்கு குச்சி நட்டு, இலையில் படாமல் பழைய சாக்கை விரியுங்கள். மாலை ஐந்துக்குள் மூடி, பனி உருகியபின் எடுங்கள். அன்று மதியமே மண்ணை நனைத்துவிடுங்கள். ஈரமண் பகல் சூட்டைக் கூடுதலாகப் பிடித்து வைக்கும். கருகியதை இப்போது வெட்டாதீர்கள். வெட்டினால் துளிர் வரும், அடுத்த பனி அதையும் தின்னும். பிப்ரவரி கழியட்டும். இம்பேஷன்ஸ் தண்டு கொழகொழத்திருந்தால் அது தேறாது. டிசம்பர், ஜனவரிக்கு பேன்சி, ஸ்டாக், டயாந்தஸ் வையுங்கள்.

கேள்வி: காட்டுமாடு பாத்தியில் நடந்துவிட்டது. செண்டுப்பூ எல்லாம் சாய்ந்து கிடக்கிறது. – வாசகர், கொடைக்கானல்

பதில்: அதற்குத் தெளிக்க மருந்து எதுவும் எங்களிடம் இல்லை! குளம்பு அமுக்கிய மண்ணை முள்கரண்டியால் 15 செ.மீ. குத்தித் தளர்த்துங்கள். முறியாமல் சாய்ந்த தண்டை நிமிர்த்தவேண்டாம். அப்படியே பாதித் தண்டை மண்ணால் மூடினால் புதைந்த இடத்தில் வேர்விட்டு, நுனி தானாக எழும்பும்.