கார் தரைத் தகட்டு ஓட்டைக்கு எந்த பிளக் வாங்குவது?

மழையில் ஓட்டினால் கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட் நனைகிறது, தரைத் தகட்டில் ஒரு ரப்பர் பிளக்கைக் காணோம், ஓட்டை 25 மி.மீ., அதே அளவில் ஒன்று வாங்கிப் போட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. நானும் விட்டத்தை மட்டும் பார்த்துத்தான் வாங்கினேன். கையால் இழுத்தால் வராத அளவுக்குக் கெட்டியாகவே உட்கார்ந்தது. ஒரு மாதம் கழித்துக் கார்ப்பெட்டைத் தூக்கி, அடியில் இருந்த பஞ்சை அழுத்தினேன். விரலிடுக்கில் பழுப்புத் தண்ணீர் ஊறி வந்தது.

பிளக்கின் இடுப்பைச் சுற்றி ஒரு பள்ளம் இருக்கும் பாருங்கள், தகட்டின் விளிம்பைக் கவ்வுவது அதுதான். கார் தகடு பெரும்பாலும் 1 மி.மீ.க்குள் அடங்கிவிடும். நான் வாங்கியது 3 மி.மீ. தகட்டுக்கானது. அந்த இடைவெளி போதும், தண்ணீர் ஏறிவிடும். அதனால் வெர்னியரால் (மி.மீ. கணக்கில் துல்லியமாக அளக்கும் கருவி) ஓட்டையின் விட்டம், தகட்டின் கனம் இரண்டையும் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். அளக்கும் முன் விளிம்பில் உள்ள துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்துக் காயவிடுங்கள். துருவின் மேல் எந்த பிளக்கும் நிற்காது.

ரப்பரில் ஈபிடிஎம் வகை கேளுங்கள். வெயில், சூடு, தண்ணீர் மூன்றையும் தாங்கும். ஆனால் எண்ணெயும் பெட்ரோலும் பட்டால் ஊதிப்போகும், அந்த மாதிரி இடங்களுக்கு நைட்ரைல் ரப்பர். சைலன்சர் குழாய்க்கு அருகே என்றால் உலோக மூடிதான்.

விளிம்பில் கொஞ்சம் சீலன்ட் (கசிவை அடைக்கும் பசை) வைப்பது நல்லது. பாத்ரூமுக்குப் பூசும், புளிப்பு வாடை வரும் சிலிக்கான் மட்டும் வேண்டவே வேண்டாம். அதிலிருந்து வரும் அமிலம் தகட்டை அரிக்கும். பாலியூரித்தேன் சீலன்ட் வாங்குங்கள்.

அப்புறம், கண்ணில் படும் ஓட்டையை எல்லாம் அடைத்துவிடாதீர்கள். தரையில் உள்ள பல ஓட்டைகள் தொழிற்சாலையில் பாடியைப் பிரைமர் தொட்டியில் முக்கி எடுக்கும்போது திரவம் வடிவதற்காகப் போட்டவை, அவற்றை அடைக்கலாம். கதவின் அடிவிளிம்பில் இருப்பவை மழைத்தண்ணீர் வடியும் வழி. அதை அடைத்தால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

போட்டு முடித்து, சீலன்ட் காய்ந்த பிறகு காருக்குள் பிளக்கைச் சுற்றிச் செய்தித்தாளை விரித்துவிட்டு, அடியிலிருந்து ஹோஸால் பீய்ச்சுங்கள். எங்கே கசிகிறது என்று தாளே காட்டிக்கொடுக்கும்.