இம்யூனோதெரபி பலன் தருமா என்று முதல் ஸ்கேனிலேயே தெரியுமா?

"இம்யூனோதெரபி (புற்றை எதிர்க்க உடலின் எதிர்ப்பு சக்தியையே தூண்டிவிடும் சிகிச்சை) தொடங்கி இரண்டு மாதத்தில் எடுக்கும் ஸ்கேனிலேயே மருந்து கேட்குமா என்று தெரிந்துவிடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் யாருக்கோ கட்டி பெரிதாகியிருப்பதாக ரிப்போர்ட் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். பெங்களூரில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை ஏற்றினார்கள். மூன்று டோஸ் முடிந்ததும் பெட் ஸ்கேன். 3.8 செ.மீ. இருந்த கட்டி 4.7 ஆகியிருந்தது. கவுன்டரில் இருந்தவர், அப்பா பக்கத்தில் நிற்பதைக்கூடப் பார்க்காமல், "வளர்ந்திருக்குதுங்க" என்று சொல்லிவிட்டார். அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை. சித்தப்பா, "ஊசிய நிறுத்திட்டு நாட்டு மருந்துக்குப் போலாம்டா" என்று ஆரம்பித்துவிட்டார்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அப்பாவிடம்தான் பேசினார். இருமல் எப்படி, எடை எவ்வளவு, நடக்கிறீர்களா? இருமல் பாதியாகக் குறைந்திருந்தது. தோப்புக்குத் தானாகவே போய் வந்துகொண்டிருந்தார். "அப்படியென்றால் ஒரு மாதம் பொறுங்கள்" என்றார். புற்றை எதிர்க்கும் செல்கள் கட்டிக்குள் திரண்டாலும் அது பெரிதாகத் தெரியுமாம். பெட் ஸ்கேன் காட்டுவது சர்க்கரையை உறிஞ்சும் இடத்தை. சண்டை போடும் செல்லும் சர்க்கரையை உறிஞ்சும். இதற்காகவே 2017இல் ஐரெசிஸ்ட் என்ற விதிமுறை வந்தது. முதலில் வளர்ச்சி தெரிந்தால், 4 முதல் 8 வாரத்துக்குள் மறுபடி பார்த்து உறுதி செய்யச் சொல்கிறது. அப்பாவுக்கு அடுத்த ஸ்கேனில் கட்டி 3.1 செ.மீ. ஆகக் குறைந்திருந்தது.

வளர்ந்ததெல்லாம் பொய் என்று சொல்கிறேன் என யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பத்தில் ஒருவருக்குக்கூட இப்படி நடப்பதில்லை. பெரும்பாலும் வளர்ந்தால் நிஜமாகவே வளர்ந்ததுதான். எடை குறைந்து, வலியும் கூடினால் காத்திருக்கவே கூடாது. கம்ப்யூட்டரை வைத்து ஸ்கேன் படத்திலிருந்து முன்கூட்டியே கணிக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. ஆனால் அதை மட்டும் நம்பி மருந்தை நிறுத்தும் நிலை இன்னும் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கு இப்போது ரயில் இல்லை. ஒவ்வொரு டோஸுக்கும் விடியற்காலை பஸ் ஏறி, கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி நெரிசலில் அப்பா இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.