சென்னையில் வீடு தேடும்போது ஏரியா எப்படி என்று தெரிந்துகொள்வது எப்படி?

கேள்வி: சொந்த ஊர் கோவில்பட்டி. அடுத்த மாதம் சென்னையில் வேலைக்குச் சேர்கிறேன். தனியாகத்தான் இருக்கப் போகிறேன். அங்கே தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ஒரு ஏரியா பெண்களுக்குப் பாதுகாப்பானதா என்று வீடு பிடிக்கும் முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்:

நானும் உங்கள் பக்கம்தான், சங்கரன்கோவில். 2018 ஜூனில் இதே கேள்வியோடுதான் சென்னைக்கு வந்தேன். முதல் வீட்டிலேயே கோட்டை விட்டேன்.

அப்பாவும் நானும் பொதிகை எக்ஸ்பிரஸில் வந்து ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை எழும்பூரில் இறங்கினோம். புரோக்கர் பதினோரு மணிக்கு வரச் சொன்னார். வேளச்சேரிக்கும் மேடவாக்கத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு லேஅவுட். அகலமான தெரு, புது வீடுகள், வாசலில் கார்கள், ஒரு சத்தம் இல்லை. "சாஃப்ட்வேர்காரங்கதான் சார் எல்லாம், டீசன்ட் ஏரியா" என்றார் புரோக்கர். அப்பாவுக்கு அந்த அமைதியே பிடித்துவிட்டது. வாடகை எட்டாயிரம், அட்வான்ஸ் பத்து மாதம். அம்மாவின் வளையலைக் கூட்டுறவு வங்கியில் வைத்துத்தான் எண்பதாயிரம் புரட்டினோம். கையோடு டோக்கன் கொடுத்துவிட்டு அன்று ராத்திரியே அதே பொதிகையில் ஊருக்குக் கிளம்பினோம்.

நாங்கள் அந்தத் தெருவைப் பார்த்தது ஒரு மணி நேரம். அதுவும் ஞாயிறு மத்தியானம். நான் வேலைக்குச் சேர்ந்த ஆஸ்பத்திரி லேபில் ஷிப்ட் முடிய ஒன்பது. பஸ் பிடித்து ஸ்டாப்பில் இறங்கும்போது பத்தேகால் ஆகிவிடும். அங்கிருந்து வீட்டுக்கு முக்கால் கிலோமீட்டர் நடை. அதில் பாதித் தூரம் இரண்டு பக்கமும் காலி மனை, கருவேலம் புதர். விளக்குக் கம்பம் இருந்தது, விளக்கு எரியாது. நான் பார்த்த அமைதி, வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஏசி போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்ததால் வந்த அமைதி.

ஏழாவது மாதம் அது நடந்தது. பைக்கில் இரண்டு பேர், பின்னால் மெதுவாக வந்தார்கள். வழி விடுவோம் என்று ஓரமாக ஒதுங்கினேன். கையிலிருந்த போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இழுத்த இழுப்பில் கீழே விழுந்து முட்டி பெயர்ந்தது. கத்தினேன். ஒரு கதவும் திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள், காதில் விழுந்திருக்காது. அந்த நேரத்தில் சென்னை போலீஸ் "மூன்றாவது கண்" என்று தெருத்தெருவாக சிசிடிவி வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முனை வீட்டு கேட்டிலும் ஒரு கேமரா இருந்ததால், அதில் பதிவாகியிருக்கும் என்று ஒரு நம்பிக்கை. மறுநாள் போய்க் கேட்டால், "அது டம்மிம்மா, சும்மா பயத்துக்கு மாட்டினது" என்றார் அந்த வீட்டம்மா. புகார் கொடுத்தேன், சிஎஸ்ஆர் ரசீது வாங்கினேன். புகாரை வாங்கிக்கொண்டோம் என்று ஸ்டேஷனில் கொடுக்கும் சீட்டு, எஃப்ஐஆர் இல்லை. அது இன்னும் ஃபைலில் இருக்கிறது.

அதற்குப் பிறகு வீடு மாற்ற நினைத்தபோதுதான் அட்வான்ஸ் காலைச் சுற்றியது. பதினோரு மாத அக்ரிமென்ட்டுக்கு முன்னால் போனால் இரண்டு மாத வாடகை பிடித்தம், பெயின்டிங்குக்குத் தனி. தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது; அதன்படி அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான், ஆனால் இருவரும் ஒப்புக்கொண்டு வேறு மாதிரி எழுதிக்கொள்ளலாம். சென்னையில் எழுதிக்கொள்வார்கள். அதனால் பேரம் பேசுங்கள். அட்வான்ஸ் குறைந்தால், ஏரியா சரியில்லை என்று தெரிந்த அன்றே கிளம்ப முடியும். அதைவிட நல்லது, முதல் ஒன்றிரண்டு மாதம் லேடீஸ் ஹாஸ்டலில் இருந்துகொண்டு தேடுவது. வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் "தோழி" விடுதி தாம்பரத்தில் இருக்கிறது, விசாரியுங்கள்.

இரண்டாவது வேலை கீழ்ப்பாக்கம் பக்கம் கிடைத்தது. வாடகைக்குக் கட்டுப்படியான இடம் பெரம்பூர். ஆபீசில் ஒருத்தர் விடாமல் பயமுறுத்தினார்கள். "நார்த் மெட்ராஸா? ரவுடி ஏரியாப்பா." சொன்னவர்களில் பாதிப் பேர் பேசின் பிரிட்ஜைத் தாண்டியே இருக்க மாட்டார்கள். இந்த முறை நான் பகலில் வீட்டைப் பார்க்கவே இல்லை. ஒரு வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்து, அங்கே குடியிருப்பவளைப் போலவே பஸ் ஏறி, இறங்கி, ராத்திரி பத்து மணிக்கு அந்தத் தெருவுக்குள் நடந்தேன்.

மருந்துக்கடை திறந்திருந்தது. டிபன் கடையில் கடைசி ஈடு இட்லி. சந்துக்குள் நாலு பையன்கள் கேரம் போர்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். டியூஷன் முடிந்து இரண்டு பெண் பிள்ளைகள் பேசிக்கொண்டே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வாசல்படியில் ஒரு பாட்டி காற்றுக்காக உட்கார்ந்திருந்தார். கழுத்தில் தாலிச்சங்கிலி வெளியே தெரிந்தது. அந்த ஒன்றைத்தான் நான் முக்கியமாகப் பார்த்தேன். பழைய லேஅவுட்டில் காலையில் வாக்கிங் போகும் அம்மாக்கள் எல்லோரும் முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு நடப்பார்கள். குளிருக்கு என்று நினைத்திருந்தேன். சென்னையில் என்ன குளிர்! செயின் பறிப்பு நடக்கும் தெருவில் கைகள் தன்னால் அதைச் செய்யும். எந்தப் புரோக்கரும் இதை மறைக்க முடியாது.

யாரிடம் கேட்பது என்று யோசித்தால், வீட்டுக்காரரையும் புரோக்கரையும் விட்டுவிடுங்கள். இஸ்திரி வண்டிக்காரர், பூ விற்கும் அக்கா, ஆட்டோ ஸ்டாண்ட், இந்த மூன்றும் போதும். "இது சேஃப்பான ஏரியாவா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "நம்ம ஏரியா தங்கம்மா" என்றுதான் பதில் வரும். சொந்த ஊரை யார் குறை சொல்வார்? ஆட்டோ அண்ணனிடம் "ராத்திரி பதினொன்றுக்கு ஸ்டேஷனிலிருந்து உள்ளே வருவீங்களா?" என்று கேளுங்கள். பழைய வீட்டில் கேட்டிருந்தால் "உள்ள வரமாட்டேன்மா, ரிட்டர்ன் கெடைக்காது" என்று சொல்லியிருப்பார்கள். பின்னாளில் தினமும் அதைத்தான் சொன்னார்கள். பூக்கார அக்காவிடம் எத்தனை மணிக்குக் கூடையைக் கட்டுவார் என்று கேளுங்கள். எட்டரைக்கே எழுந்துவிடுகிறார் என்றால் அதற்கு மேல் அந்த முனையில் பெண்கள் நடமாட்டம் இல்லை என்று அர்த்தம்.

டாஸ்மாக் எங்கே இருக்கிறது என்பதைவிட, உங்கள் ஸ்டாப்புக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். பத்து மணிக்கு மூடுவார்கள். நீங்கள் இறங்குவதும் அதே நேரம் என்றால், தினம் அந்தக் கூட்டத்தைத் தாண்டித்தான் வீடு. இரண்டு தெரு தள்ளி இருந்தால் ஒரு தொல்லையும் இல்லை.

எஃப்ஐஆர்களை ஆன்லைனில் பார்த்து முடிவு பண்ணலாமே என்று சிலர் சொல்வார்கள். 2016 உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு இணையத்தில் ஏற்றுகிறார்கள், உண்மைதான். ஆனால் பாலியல் குற்ற வழக்குகளை ஏற்ற வேண்டியதில்லை என்று அதே உத்தரவில் விலக்கு இருக்கிறது. நமக்கு எது தெரிய வேண்டுமோ அது அதில் இருக்காது. தெருவில் கிண்டல் பண்ணுகிறவன், பின்னாலேயே வருகிறவன், இதெல்லாம் எஃப்ஐஆர் வரைக்கும் போவதுமில்லை.

செய்தியும் அப்படித்தான். 2024 ஜூலையில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங்கை பெரம்பூரில் வெட்டிக் கொன்றார்கள். டிவி பார்த்துவிட்டு அம்மா போன் பண்ணினாள்: "ஏட்டி, அங்கயா இருக்க? மொதல்ல காலி பண்ணு." எனக்கும் பயமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். அந்த வாரம் முழுக்கத் தெருவில் போலீஸ், கடைகள் அடைப்பு. ஆனால் அது ஆளைக் குறிவைத்து நடந்த கொலை. பத்தேகாலுக்கு பஸ் இறங்கி நடக்கும் எனக்கு அந்தத் தெரு எப்படி என்பதை அது சொல்லவில்லை. அதை மருந்துக்கடை சொன்னது. அடுத்த வாரம் அது வழக்கம்போலப் பத்தரை வரை திறந்திருந்தது.

பாதுகாப்பு என்றால் திருடனை மட்டும் நினைக்காதீர்கள். சென்னையில் தண்ணீரும் சேர்த்தி. வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கமெல்லாம் சதுப்பு நிலத்தை ஒட்டியது. மிச்சமிருக்கும் சதுப்பு நிலம் 2022இல், உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. தண்ணீருக்கு அந்தப் பட்டியலும் தெரியாது, மனையின் எல்லையும் தெரியாது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அங்கே வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. ரெட் அலர்ட் என்றாலே வேளச்சேரிக்காரர்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்திவிடுவார்கள். வீடு பார்க்கும்போது காம்பவுண்டுச் சுவரில் பழுப்புக் கோடு இருக்கிறதா, மரக்கதவின் அடி உப்பியிருக்கிறதா, ஈபி மீட்டர் பெட்டி ஆள் உயரத்துக்கு மேல் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஏற்றியிருந்தால் ஒரு முறை முழுகியிருக்கலாம். பெரம்பூரில் எங்கள் தெருவிலும் மிக்ஜாமுக்கு முழங்கால் அளவு நின்றது. நான் முதல் மாடி, தப்பித்தேன். கீழ் வீட்டு அக்காவின் பிரிட்ஜ் போயிற்று.

நாய்களைச் சொல்ல மறந்தேன். ராத்திரி ஷிப்ட் என்றால் இதுவும் ஒரு பெரிய விஷயம். ஒரு பாக்கெட் பிஸ்கட், பத்து நாள், அவ்வளவுதான். பிறகு அவையே வீடு வரை கூட வரும்.

112 எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாடு போலீஸின் "காவல் உதவி" ஆப்பையும் போட்டு வையுங்கள். வீட்டுக்காரர் ஸ்டேஷனில் கொடுக்க ஆதார் நகல் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள், கேட்கிறவர் நல்ல வீட்டுக்காரர்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆள் நடமாட்டம் உள்ள தெருவில் உங்களையும் ஆட்கள் பார்ப்பார்கள். "இன்னிக்கு என்னம்மா லேட்டு?" என்று இஸ்திரிக்காரர் கேட்பது எனக்குப் பிடிக்கும். "நேத்து வண்டில இறக்கி விட்டது யாரு?" என்று எதிர்வீட்டு அம்மா கேட்பது பிடிக்காது. இரண்டும் ஒரே தெருவில்தான் கிடைக்கின்றன. எனக்கு இது கட்டுப்படியாகிறது. உங்களுக்கு ஆகுமா என்பது நீங்கள் முடிவு செய்ய வேண்டியது.

வீடு பார்க்க வரும்போது அப்பாவைக் கூட்டி வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அன்று ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸுக்கு ரிட்டர்ன் டிக்கெட் போடாதீர்கள். மறுநாளுக்குப் போடுங்கள்.