‘ஃப்ரம் ஆல் ஓவர் தி வேர்ல்ட்’: எங்கிருந்தெல்லாமோ வந்தவர்களுக்கு எந்தப் பிரெபோசிஷன்?

பல இடங்களிலிருந்து வந்தவர்கள், பல பின்னணி கொண்டவர்கள் என்று ஆங்கிலத்தில் எழுதும்போது எந்தப் பெயர்ச்சொல்லோடு ஃப்ரம் சேரும், எதோடு ஆஃப் சேரும் என்று தொடர்ந்து கேட்கிறீர்கள். அதைத் தொட்ட கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உச்சரிப்பு, டென்ஸ் எல்லாம் இன்னொரு நாளைக்கு இருக்கட்டும்.

கேள்வி: ‘பீப்பிள் கேம் ஃப்ரம் ஆல் தி வேர்ல்ட்’ என்று எழுதியதைத் திருத்திவிட்டார்கள். உலகம் முழுவதிலிருந்தும் என்றுதானே எழுதினேன், எங்கே தப்பு சார்?

பதில்: ‘ஓவர்’ விடுபட்டதுதான். முதலில் இடத்தைக் கட்டுங்கள், அப்புறம் அதன் முன்னால் ஃப்ரம்மை வையுங்கள், பாதிக் குழப்பம் அதிலேயே தீரும். ‘ஆல் ஓவர் தி வேர்ல்ட்’ என்றால் உலகமெங்கும், அது ஓர் இடம். ஃப்ரம் சேர்ந்தால் உலகமெங்குமிருந்து. ‘அக்ராஸ் தி கன்ட்ரி’, ‘அரவுண்ட் தி வேர்ல்ட்’, ‘த்ரூஅவுட் தி ரீஜன்’ எல்லாம் இப்படித்தான், ஃப்ரம்முக்குப் பின்னால் அப்படியே வந்துவிடும். இன்னொரு வகை, பெயர்ச்சொல்லை வைத்துக் கட்டுவது: ‘ஆல் பார்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்ட்’, ‘எவ்ரி கார்னர் ஆஃப் தி கன்ட்ரி’. பார்ட்டும் கார்னரும் பெயர்ச்சொற்கள் என்பதால் அடுத்த பெயர்ச்சொல்லோடு சேர நடுவில் ஆஃப் கேட்கும். ஓவரும் அக்ராஸும் பிரெபோசிஷன்கள், அவை நேராகவே சேரும். இரண்டு வகையையும் கலந்துவிடும்போதுதான் ‘ஆல் ஓவர் ஆஃப் தி வேர்ல்ட்’ வருகிறது. ஓவருக்குப் பின்னால் ஆஃப் வராது, தயவுசெய்து இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பார்ட், கார்னர் போன்றவற்றில் ஆல் வந்தால் பன்மை, எவ்ரி வந்தால் ஒருமை.

கேள்வி: ‘பீப்பிள் ஆல் ஓவர் தி வேர்ல்ட்’ என்றும் பார்க்கிறேன், ‘பீப்பிள் ஃப்ரம் ஆல் ஓவர் தி வேர்ல்ட்’ என்றும் பார்க்கிறேன். எது சரி?

பதில்: இரண்டும் சரி, சொல்வது வேறு. ஒரு போட்டியை மக்கள் அவரவர் வீட்டிலிருந்தே பார்த்தார்கள் என்றால் ஃப்ரம் இல்லாமல் ‘பீப்பிள் ஆல் ஓவர் தி வேர்ல்ட் வாட்ச்ட் இட்’. மைதானத்துக்கே வந்து பார்த்தார்கள் என்றால் ஃப்ரம் வேண்டும். ஆட்கள் அங்கேயே இருக்கிறார்களா, அங்கிருந்து வந்தார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

இதோடு ஒட்டிய ஒரு விஷயம், யாரும் கேட்கவில்லை, ஆனால் அடிக்கடி கண்ணில் படுகிறது. ‘எ ஸ்டூடன்ட் ஃப்ரம் ஆல் ஓவர் தி கன்ட்ரி’ என்று எழுத முடியாது. ஒரே மாணவர் நாட்டின் எல்லா இடங்களிலிருந்தும் வர முடியாதே! பன்மை வேண்டும், இல்லையென்றால் ஆடியன்ஸ் மாதிரி பலரை உள்ளடக்கிய சொல் வேண்டும், அதுவும் இல்லையென்றால் மியூசிக், நியூஸ் மாதிரி எண்ண முடியாத பெயர்ச்சொல் வேண்டும். ‘நியூஸ் ஃப்ரம் அரவுண்ட் தி வேர்ல்ட்’ நன்றாகவே நிற்கும்.

கேள்வி: ‘பீப்பிள் ஃப்ரம் ஆல் ஏஜஸ்’ தப்பா? எல்லா வயதிலிருந்தும் என்றுதானே வருகிறது?

பதில்: தப்பு. ‘பீப்பிள் ஆஃப் ஆல் ஏஜஸ்’. வயது ஒருவரிடம் இருக்கிற தன்மை, அவர் கிளம்பி வந்த இடம் கிடையாது. தன்மைக்கு ஆஃப், இடத்துக்கும் குழுவுக்கும் ஃப்ரம். அதனால்தான் ‘ஃப்ரம் ஆல் ஏஜ் குரூப்ஸ்’ என்றால் சரியாகிவிடுகிறது, குரூப் ஒரு குழு. ‘ஃப்ரம் மெனி நேஷன்ஸ்’, ஆனால் ‘ஆஃப் மெனி நேஷனாலிட்டீஸ்’. நம்பிக்கைக்கு ‘ஆஃப் ஆல் ஃபெய்த்ஸ்’. பேக்ரவுண்ட் மட்டும் இரண்டு பக்கமும் போகும், ஒருவர் வளர்ந்த சூழலாகப் பார்த்தால் ஃப்ரம், அவரைப் பற்றிய விவரமாகப் பார்த்தால் ஆஃப். பொருள்களின் வகையைச் சொல்லும்போது ‘கம் இன் ஆல் ஷேப்ஸ் அண்ட் சைஸஸ்’ என்று இன் வந்துவிடும்.

கேள்வி: ‘ஃப்ரம் ஆல் வாக்ஸ் ஆஃப் லைவ்ஸ்’ என்று ஒரு அழைப்பிதழில் இருந்தது. சரிதானா?

பதில்: லைஃப். வாக் எத்தனை இருந்தாலும் லைஃப் ஒருமைதான். இது தொழிலையும் சமூக நிலையையும் குறிக்கிற தொடர். பல ஊர்க்காரர்கள் வந்தார்கள் என்று சொல்ல இதைப் போடாதீர்கள்.

கேள்வி: நான் ஆங்கில ஆசிரியர். முதல் பதிலையே நான் ஏற்கவில்லை. ஃப்ரம் ஒரு பிரெபோசிஷன், ஓவர் ஒரு பிரெபோசிஷன். இரண்டு பிரெபோசிஷன் அடுத்தடுத்து வரக்கூடாது, அவற்றுக்குப் பின்னால் பெயர்ச்சொல்தான் வர வேண்டும் என்று படித்தோம், அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். பேச்சு வழக்கை இலக்கணமாக்குகிறீர்கள்.

பதில்: இந்த விதி எத்தனையோ வகுப்பறைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் விரிவாகவே சொல்கிறேன். ‘தி கேட் கேம் அவுட் ஃப்ரம் அண்டர் தி டேபிள்’. பூனை மேசைக்கு அடியிலிருந்து வந்தது. இதில் அண்டரை எடுத்துவிட்டால் பூனை எங்கிருந்து வந்தது என்ற செய்தியே போய்விடும். ‘ஃப்ரம் பிஹைண்ட் தி டோர்’, ‘ஃப்ரம் பிட்வீன் தி பேஜஸ்’, ‘ஃப்ரம் இன்சைட் தி பாக்ஸ்’ எல்லாம் எழுத்து ஆங்கிலத்தில் சர்வசாதாரணம். ஹடில்ஸ்டனும் புல்லமும் 2002-இல் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் இலக்கண நூல், பிரெபோசிஷனுக்குப் பின்னால் பெயர்ச்சொல் தொடர் போலவே இன்னொரு பிரெபோசிஷன் தொடரும் வரலாம் என்று நேராகவே சொல்கிறது. தமிழில் நாம் என்ன செய்கிறோம்? அடியிலிருந்து, பின்னாலிருந்து, உள்ளேயிருந்து. முதலில் இடம், அதன் மேல் இருந்து. வீட்டிலிருந்து என்பதிலேயே இல் ஒன்று உட்கார்ந்திருக்கிறதே. தமிழ் பேசுகிற பிள்ளைகளுக்கு இயல்பாகப் புரிகிற ஒன்றைத் தப்பு என்று திருத்துவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அதே ஆசிரியர்: அப்படியானால் ‘ஃப்ரம் அட் தி ஸ்டேஷன்’, ‘ஃப்ரம் டு தி ஸ்டேஷன்’ என்றும் எழுதலாமா?

பதில்: நல்ல கேள்வி, விதியின் எல்லை இங்கேதான் தெரிகிறது. டு இடத்தைக் காட்டுவதில்லை, போகிற திசையைக் காட்டுகிறது. ஃப்ரம் இடத்தைத்தான் ஏற்கும், ஆகவே ‘ஃப்ரம் டு’ கிடையாது. அட் இடத்தைக் காட்டுகிறது, ஆனால் ‘அங்கே’ என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. ‘ஃப்ரம் தி ஸ்டேஷன்’ என்றாலே ஸ்டேஷனில் இருந்தது தெரிந்துவிடும், அதனால் அட் விழுந்துவிடுகிறது. இன், ஆன் இரண்டும்கூடப் பெரும்பாலும் இப்படித்தான் விழும். ஆனால் ‘ஃப்ரம் இன் ஃப்ரன்ட் ஆஃப் தி ஹவுஸ்’ நிற்கும், வீட்டுக்கு முன்னால் என்ற செய்தி அதில் இருக்கிறதே. அண்டர், பிஹைண்ட், அக்ராஸ் எல்லாம் அடி, பின், குறுக்கே என்று ஒன்றைக் கூடுதலாகச் சொல்வதால் விழாது.

வேறொருவர்: ஆசிரியர் பக்கம் நானும் சேர்கிறேன். ‘ஃப்ரம் வென்ஸ்’ தப்பு என்று எல்லாரும் சொல்கிறார்களே?

பதில்: அது வேறு வழக்கு. வென்ஸ் என்பதற்கே ‘எங்கிருந்து’ என்று பொருள், ஃப்ரம் அதற்குள்ளேயே இருக்கிறது, அதனால் மறுபடி ஃப்ரம் எதற்கு என்பது புகார். சாமுவேல் ஜான்சன் தம் 1755 அகராதியிலேயே அதைக் கடிந்துகொண்டார். ஆனால் அதற்கு முன்பே, 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளின் 121-ஆம் சங்கீதத்தில் ‘ஃப்ரம் வென்ஸ்’ இருக்கிறது. நான் எழுதமாட்டேன், எழுதுகிறவரைத் திருத்தவும் மாட்டேன். ஆனால் ஓவரிலோ அக்ராஸிலோ ‘இருந்து’ ஒளிந்திருக்கவில்லை, ஆகவே இந்தப் புகார் அவற்றுக்குப் பொருந்தாது.

கேள்வி: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், நாளைக்குப் பரீட்சை. ‘ஆல் ஓவர் ஆஃப் தி கன்ட்ரி’ வருமா?

பதில்: வராது. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ‘ஃப்ரம் அக்ராஸ் தி ரிவர்’ என்றால் ஆறு முழுவதிலிருந்துமா?

பதில்: அக்கரையிலிருந்து. அக்ராஸுக்கு இரண்டு வேலை. ரிவர், ரோடு, பார்டர் போல கடந்து போக வேண்டிய கோடு பின்னால் வந்தால் ‘அந்தப் பக்கத்திலிருந்து’. கன்ட்ரி, இண்டஸ்ட்ரி போல பரந்த ஒன்று வந்தால் ‘எல்லாப் பகுதியிலிருந்தும்’. ‘ஃப்ரம் அக்ராஸ் தி பொலிட்டிகல் ஸ்பெக்ட்ரம்’ இரண்டாவது வகை. ஸ்டேட் மாதிரிச் சொற்களில் குழப்பம் வரலாம் என்று தோன்றினால் ஆல் ஓவர் போட்டுவிடுங்கள், ஆஃப் இல்லாமல்.

கேள்வி: உலகம் உருண்டை. ‘ஃபோர் கார்னர்ஸ் ஆஃப் தி எர்த்’ எப்படி வந்தது?

பதில்: இதுவும் 1611 பைபிள் வழியாகப் பரவியதுதான், ஏசாயா 11:12-இல் பார்க்கலாம். எபிரேய மூலத்தில் அந்த இடத்தில் இருக்கும் சொல்லுக்கு இறக்கை, ஓரம் என்று பொருள். நாலா திசைகளிலிருந்தும் என்று நாம் சொல்வதற்கு நெருக்கமானது. ஃபோர் வந்தால் ‘தி’ கட்டாயம், ‘ஃப்ரம் தி ஃபோர் கார்னர்ஸ்’.

கேள்வி: ‘ஃப்ரம் ஃபார் அண்ட் வைட் ஆஃப் தி கன்ட்ரி’?

பதில்: ‘ஃப்ரம் ஃபார் அண்ட் வைட்’ என்பதோடு நிறுத்துங்கள். அதற்குப் பின்னால் ஆஃபும் வராது, நாடும் வராது.

கேள்வி: ஆல் ஓவருக்குப் பின்னால் ஆஃப் போடலாமா சார்?

பதில்: மூன்றாவது முறை. கூடாது.

கேள்வி: என் ஊரைச் சொல்ல ‘ஐ ஆம் கமிங் ஃப்ரம்’ என்கிறேன். நண்பர் சிரிக்கிறார்.

பதில்: ‘ஐ கம் ஃப்ரம்’ அல்லது ‘ஐ ஆம் ஃப்ரம்’. ‘கமிங்’ என்றால் இப்போது வழியில் இருக்கிறீர்கள், ‘கேம்’ என்றால் அங்கிருந்து வந்து சேர்ந்துவிட்டீர்கள். சொந்த ஊருக்கு எப்போதும் ‘கம்’.

அதே ஆசிரியர்: ‘ஃப்ரம் அண்டர்’ வரைக்கும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேர்வுத்தாளில் ‘ஃப்ரம் ஓவர் தி வேர்ல்ட்’ என்று ஒரு பையன் எழுதியிருக்கிறான், உங்கள் கணக்கில் அதற்கும் மதிப்பெண் தர வேண்டுமா?

பதில்: வேண்டாம், ஆனால் இரண்டு பிரெபோசிஷன் வந்ததற்காகக் குறைக்காதீர்கள். ஆல் இல்லாமல் தனி ஓவர் வந்தால் ‘மேலே’ என்றுதான் படும், உலகத்துக்கு மேலேயிருந்து வந்தவர்கள் என்று ஆகிவிடும். ‘ஆல்’ என்ற சொல்லை மட்டும் மேலே எழுதிக் கொடுங்கள், அவன் மீதியைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறான்.