மிளகு மணக்கும் சிவப்பு ஒயின்: சிராவா, மோந்தேஸா?

கேள்வி: சோமெலியர் (ஒயின் பரிமாறும் வல்லுநர்) தேர்வுக்குத் தயாராகி வருகிறேன். பெயரை மறைத்துத் தந்த சிவப்பு ஒயின் ஒன்றில் மிளகு மணத்தை உணர்ந்து, பிரான்சின் வட ரோன் பகுதியில் விளையும் சிரா திராட்சையின் ஒயின் என்று எழுதினேன். பிரெஞ்சு ஆல்ப்ஸின் சவுவா பகுதியில் விளையும் மோந்தேஸ் என்றார்கள். இவற்றைப் பிரித்தறிவது எப்படி?

பதில்: நீங்கள் குழம்பியதற்குத் தக்க காரணம் இருக்கிறது. கருமிளகுக்கு மணம் தருகிற ரோடண்டோன் என்னும் சேர்மம் இந்த இரண்டு ரகங்களிலும் உண்டு. போதாததற்கு இவை உறவுக்காரத் திராட்சைகள்: சிராவின் பெற்றோரில் ஒன்று வெள்ளை மோந்தேஸ் என்பதை மரபணுச் சோதனை காட்டியிருக்கிறது, நீங்கள் சுவைத்த கறுப்பு மோந்தேஸ் அந்த வெள்ளை ரகத்துக்கு மிக நெருங்கிய சொந்தம். இத்தாலியின் பிரியூலியில் விளையும் ஸ்கியோப்பெத்தீனோவிலும் இதே மிளகு தூக்கலாக இருப்பதால், இம்மணத்தை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாது. மேலும், ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றின்படி சுமார் ஐந்தில் ஒருவருக்கு ரோடண்டோனின் மணமே தெரிவதில்லை. வயலட் மலர் மணமும் இரண்டுக்கும் பொது. பாடநூல்கள் அதற்குத் தரும் முக்கியத்துவம் எனக்கு விளங்கியதே இல்லை.

விடை வாய்க்குள்தான் கிடைக்கும். கிண்ணத்தில் ஊதா கலந்த அடர்நிறத்தைக் கண்டதும் கனத்த ஒயினை எதிர்பார்ப்போம். மோந்தேஸோ நாக்கில் மெலிந்து நின்று, பக்கவாட்டில் எச்சில் ஊறவைக்கும் கூரிய புளிப்பையும் சற்றே முரடான துவர்ப்பையும் காட்டிவிட்டு, தொண்டையில் சூடு ஏற்றாமல் இறங்கிவிடும். அதன் ஆல்கஹால் பெரும்பாலும் 11 முதல் 12 சதவீதம்தான். வட ரோன் சிராவில் 13 சதவீதம் சாதாரணம். அடர்ந்த நிறம், குறைந்த ஆல்கஹால், உயர்ந்த புளிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதே முதன்மையான தடயம். கமே என்னும் மற்றொரு சிவப்பு ஒயின் ரகமும் மெலிந்ததே, ஆனால் அதில் இந்தத் துவர்ப்பு இராது.

வெயில் மிகுந்த ஆண்டுகளிலும், சவுவாவின் ஆர்பான் கிராமத்துச் சரிவுகளில் நன்கு பழுத்த பழத்திலும் மோந்தேஸ் சிராவை நெருங்கிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். அப்போது புகையிட்ட இறைச்சி, கறுப்பு ஆலிவ் ஆகியவற்றின் மணம் மேலோங்கினால் சிராவின் பக்கம் சாயலாம்.

பயிற்சிக்கு, ஒரே ஆண்டின் ஆர்பான் மோந்தேஸையும் வட ரோனின் சேன்-ஜோசெப் சிராவையும் அருகருகே வைத்து, 16 டிகிரி வெப்பநிலையில் சுவைத்துப் பாருங்கள். அதைவிடக் குளிர்ந்தால் ஆல்கஹாலின் சூடு மறைந்து துவர்ப்பு தூக்கலாகி, சிராவும் மோந்தேஸைப் போலவே தோன்றக்கூடும்.