வவுணதீவுக்குச் சைக்கிளில் போவோருக்கு: திரும்பும் நேரத்தை முதலில் குறியுங்கள்

கேள்வி: மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் இருக்கிறோம். எனக்கு 44 வயது, மகளுக்கு 13. இருவரிடமும் கியர் இல்லாத சாதாரண சைக்கிள்தான். சனிக்கிழமைகளில் வழுவழுப்பாகத் தார் போட்ட காபெட் வீதியாலேயே போய்க் களப்பையும் வயலையும் பார்த்துவிட்டு வர ஆசை. போன மாதம் ஏழரைக்கு வெளிக்கிட்டு வவுணதீவுப் பக்கம் போனோம். போகும்போது களையே தெரியவில்லை. பத்தரைக்குத் திரும்பினால் ஒரே எதிர்க்காற்று. மகள் வலையிறவுப் பாலத்தில் இறங்கி உருட்டிக்கொண்டு வந்தாள். எனக்கு இரண்டு நாள் முழங்கால் நோ. தூரம் கூடிவிட்டதா, சைக்கிளில் பிழையா?

பதில்: தூரம் சரிதான். நேரம் பிந்திவிட்டது, உங்கள் சீற்றும் தாழ்வாக இருக்கிறது என்றே நினைக்கிறோம்.

நீங்கள் களப்பின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையிலிருந்து மேற்குப் பக்கமான படுவான்கரைக்குப் போகிறீர்கள். காலையில் மேற்கே போகும்போது வெயில் முதுகில் படும், திரும்பும்போது முகத்தில் அடிக்கும். காற்றும் அப்படித்தான். விடியலில் காற்று அநேகமாக ஓய்ந்திருக்கும். தரை சூடேறி ஒன்பது, பத்து மணியானதும் கடற்காற்று கிழக்கேயிருந்து எழும்பும். வயல்வெளியிலும் பாலத்திலும் அதை மறிக்க ஒரு மரமும் கிடையாது. வெயில், காற்று, களைப்பு மூன்றும் ஒன்றாகச் சேரும் நேரத்தில் நீங்கள் வீட்டுப் பக்கம் திரும்பியிருக்கிறீர்கள்.

ஆகவே கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். எட்டரைக்குள் வலையிறவுப் பாலத்தைத் திரும்பக் கடந்துவிட வேண்டும் என்று வையுங்கள். அப்படியானால் வீட்டிலிருந்து வெளிச்சம் வந்தவுடன், ஆறு மணியளவில் வெளிக்கிட வேண்டும். கல்லடியில் பழைய பாலத்தால் போனால் கனரக வாகனத் தொல்லை இல்லை. நகரைக் கடந்து, வலையிறவுப் பாலம் தாண்டி, வீட்டிலிருந்து ஒரு மணித்தியாலம் ஆனதும் எங்கே நிற்கிறீர்களோ அங்கேயே நின்று களைப்பாறித் திரும்புங்கள். சாதாரண சைக்கிளில் பிள்ளையோடு மணிக்கு 11, 12 கி.மீற்றர்தான் ஓடலாம். வயலின் நடுவே போய்ச் சேர அது தாராளமாகக் காணும்.

கச்சான் வீசும் மாதங்களில், அதாவது மே தொடக்கம் ஓகஸ்ட் வரை, கணக்கு மாறும். காற்று மேற்கேயிருந்து வரும். போவது கஷ்டம், வருவது சுகம். ஆனால் அந்த வரண்ட காற்றில் வியர்வை தோலிலேயே காய்ந்துவிடுவதால் உடம்பு நீர் இழப்பது தெரியாது. தாகம் எடுக்கும்வரை பார்த்திருக்காமல் கால் மணிக்கு ஒருதரம் நாலைந்து மிடறு குடிக்க வேண்டும். ஆளுக்கு ஒரு லீற்றர் எடுங்கள். அதில் அரைத் தேசிக்காய், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு மேசைக்கரண்டி சீனி போட்டால் நல்லது.

இனி முழங்கால். நிற்கும்போது இரண்டு பாதமும் நிலத்தில் முட்டவேண்டும் என்று நம் ஊரில் சீற்றைத் தாழ்த்தி வைப்பது வழக்கம். சந்திக்குப் போய்வர அது போதும். ஒரு மணித்தியாலம் மிதித்தால், ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் அளவுக்கு மேல் மடிந்து மூட்டின் முன்பக்கம் நோகும். சுவரில் கையூன்றிச் சீற்றில் இருந்து, குதிக்காலைப் பெடலில் வைத்து, பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுபோங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடிந்திருக்கும். அதுதான் சரியான உயரம். ஒரேயடியாக உயர்த்தாமல் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு சென்ரிமீற்றராக உயர்த்துங்கள். நோ முழங்காலின் பின்பக்கம் வந்தால் உயரம் கூடிவிட்டது என்று அர்த்தம். சீற் கம்பியில் ஒரு கோடு பொறித்திருக்கும், அது வெளியே தெரியுமளவுக்கு இழுக்கக் கூடாது. மகள் வளரும் வயது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவருடையதையும் அளந்து பாருங்கள்.

எதிர்க்காற்று வந்தால் நீங்கள் முன்னே ஓடுங்கள். மகள் ஒரு சைக்கிள் நீளம் விட்டு உங்களுக்கு நேர் பின்னால் வரட்டும், காற்று அவருக்கு ஓரளவு குறையும். மற்ற நேரமெல்லாம் அவர் முன்னே, நீங்கள் பின்னே, சற்று வலப்பக்கம் தள்ளி. பின்னால் வரும் டிப்பர் முதலில் உங்களைத்தான் காண வேண்டும்.

காபெட் வீதி என்றால் ஆபத்தில்லை என்று நினைக்காதீர்கள். ஆபத்து அதன் விளிம்பில் இருக்கிறது. காபெட்டுக்கும் பக்கத்துக் கிறவலுக்கும் இடையே பல இடங்களில் இரண்டு, மூன்று அங்குலப் பள்ளம். டிப்பருக்கு ஒதுங்கி முன் சில்லு கீழே இறங்கிவிட்டால், பிள்ளைகள் பதறி உடனே மேலே ஏற்றப் பார்ப்பார்கள். சில்லு விளிம்போடு உரசிக்கொண்டு போகுமே தவிர ஏறாது. உடம்பு மட்டும் வீதிக்குள் சரியும். இறங்கினால் இறங்கியபடியே நேராக ஓடி, பிறேக்கை மெல்லப் பிடித்து நின்று, சைக்கிளைத் தூக்கி வைத்து ஏறச் சொல்லுங்கள். வீட்டு முற்றத்தில் ஒரு பலகையை வைத்து இதைப் பழக்கலாம்.

அறுவடைக் காலங்களில் வீதியின் ஒரு பாதியில் நெல் காயும். விளிம்பில் கல்லும் தடியும் வைத்திருப்பார்கள். சிதறிய நெல்மணி ரயருக்கு அடியில் உருளும். அதன்மேல் பிறேக் பிடிப்பதும் திரும்புவதும் கூடாது. முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து நேராகக் கடக்க வேண்டும். விவசாயியின் நெல், முடிந்தால் இறங்கி உருட்டிக்கொண்டு போவதே மரியாதை.

களைப்பாற ஒதுங்கும் இடத்தில் நெருஞ்சி முள்ளைக் கவனியுங்கள். ரயரில் முள் ஏறியிருந்து காற்று இன்னும் போகவில்லை என்றால் பிடுங்காதீர்கள். ஓட்டையை அடைத்து வைத்திருப்பதே அந்த முள்தான். காற்று போய்விட்டால் ரியூப்பைக் கழற்றி ஒட்டுப் போட வேண்டியதுதான். ஓட்டையைச் சுற்றி ஒட்டுத் துண்டைவிடப் பெரிய வட்டத்துக்கு அரத்தாளால் தேயுங்கள், பளபளப்புப் போக வேண்டும். சொலூஷனை மெல்லிதாகப் பூசி ஐந்து நிமிடம் காயவிட்டு, விரலில் ஒட்டாத பதத்தில் ஒட்டுத் துண்டை வைத்து அழுத்துங்கள். ஈரமாக ஒட்டியது வெயில் சூட்டில் கழன்றுவிடும். மூடுவதற்கு முன் ரயரின் உட்புறத்தை ஒரு துணியால் சுற்றித் துடையுங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே இன்னொரு முனை இருக்கிறது. பலர் இதை மறந்து, அரைக் கட்டையில் மறுபடி காற்றிழந்து நிற்பார்கள்.

காற்றின் அளவு ரயரின் பக்கத்தில் பொறித்திருக்கும். சாதாரண சைக்கிளுக்குப் பெரும்பாலும் 45 முதல் 55 பி.எஸ்.ஐ. குறைந்த காற்றோடு ஓடுவது எதிர்க்காற்றில் ஓடுவது போலத்தான்.

மகளுக்குப் பழக்கம் வரும்வரை முதல் மூன்று, நான்கு கிழமை பாலமீன்மடு வெளிச்சவீட்டுக்குப் போய் வாருங்கள். பார் வீதியால் வடக்கே போவதால் கடற்காற்று பக்கத்திலிருந்துதான் அடிக்கும், எதிரே நின்று மறிக்காது. 1913இல் கட்டிய, 28 மீற்றர் உயரமான அந்தக் கோபுரத்தடியில் நின்றால் களப்பு கடலைச் சேருமிடமும் கண்டல் காடும் தெரியும். கண்டல் ஓரத்தில் கால் கழுவ இறங்க வேண்டாம். களப்பில் முதலை உண்டு.

படுவான்கரையில் பழகியபின் ஆயித்தியமலை தாண்டி உன்னிச்சைக் குளம் வரை போகலாமே என்று தோன்றும். பிள்ளையோடு சைக்கிளில் வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான பதில். அது யானை நடமாடும் பகுதி. யானை ஓடினால் மணிக்கு 25 கி.மீற்றர் அளவில் வரும், உங்கள் வேகம் அதில் பாதி. உன்னிச்சையைப் பார்க்க வேண்டுமென்றால் பகலில் வாகனத்தில் போங்கள். மாரியில் வான்கதவு திறந்தால் படுவான்கரை வீதிகளை வெள்ளம் குறுக்கறுக்கும். ஓடும் நீர் கணுக்கால் அளவென்றாலும் அதற்குள் இறங்காமல் திரும்பிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் செயினைக் காய்ந்த துணியால் துடைத்து, தையல் மெசின் எண்ணெய் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி விட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் தூசியோடு சேர்ந்து பசையாகும், உப்புக் காற்றும் பட்டால் ஒரு மாதத்தில் செயின் இறுகிவிடும்.